பழைய பந்தை மறுசுழற்சிக்கு ஏன் எடுப்பதில்லை?

ஒரு விளையாட்டுப் பந்து எதிலிருந்து உருவாகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. பயிற்சித் திடலில் இரண்டு சாக்கு நிறையச் செத்த பந்துகள் சேர்ந்துவிட்டன, பழைய பொருள் எடுப்பவர் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார், ‘ரப்பர்தானே, ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்?’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே முதன்மைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். நான் ரப்பர் தொழில்நுட்பம் படித்தவன். பந்துகளுக்கான ரப்பர் கலவை போடும் இடத்திலும், பிறகு பந்துகளைச் சோதிக்கும் கூடத்திலும் சேர்த்துப் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கால்பந்தும் டென்னிஸ் பந்தும் கைப்பழக்கம். மற்ற பந்துகளைப் பற்றிச் சொல்வது படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் ஒன்று: அவர் சொன்னது தவறில்லை. உங்கள் சாக்கில் இருப்பது வெறும் ரப்பர் இல்லை. ரப்பர், பிளாஸ்டிக், துணி, நுரை, பசை, மை எல்லாவற்றையும் இனி பிரியவே கூடாது என்ற எண்ணத்தோடு ஒன்றாக ஒட்டி வைத்த பொருள் அது. பந்து நன்றாக உழைக்க வேண்டும் என்றால் அந்த ஒட்டு பலமாக இருக்க வேண்டும். ஒட்டு பலமாக இருந்தால் பிரிக்க முடியாது. நல்ல பந்து நல்ல குப்பையாக இருப்பதில்லை.

சாக்கிலிருந்து ஒரு கால்பந்தை எடுத்துக் கத்தியால் அறுத்துப் பாருங்கள். ஐந்தாம் அளவுப் பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. உள்ளே கிட்டத்தட்ட ஐந்தரை லிட்டர் இடம். நன்றாகக் காற்றடித்த பந்துக்குள் இருக்கும் காற்றை எடை போட்டால் பன்னிரண்டு கிராம் அளவுக்குத்தான் வரும். அந்தப் பன்னிரண்டு கிராமை உள்ளேயே நிறுத்தி வைக்கத்தான் மீதி நானூறு கிராமும். அறுத்த விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே பளபளப்பான மெல்லிய தோல், அதன் கீழே கொஞ்சம் நுரை, அதற்கும் கீழே மூன்று நான்கு அடுக்குத் துணி. ஒவ்வொரு துணி அடுக்குக்கும் இடையில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும், அது ரப்பர் பால் பசை. இவ்வளவையும் தாண்டினால்தான் காற்றை அடைத்து வைக்கும் உள்பையான பிளாடர் வரும்.

பிளாடர் இரண்டு வகை. ஒன்று மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பர், தொழிலில் ‘லேட்டக்ஸ் பிளாடர்’ என்பார்கள். இன்னொன்று பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர், பெட்ரோலிய வாயுவிலிருந்து செய்வது. இயற்கை ரப்பர் துள்ளும், காலுக்கு மென்மையாக இருக்கும், ஆனால் காற்று சீக்கிரம் கசிந்துவிடும். பியூட்டைலில் மூலக்கூறுகள் நெருக்கமாக அடைந்து கிடப்பதால் காற்று நுழைந்து வெளியேற நேரமாகும். அதனால்தான் வண்டி டியூப்களும் பியூட்டைலில் செய்யப்படுகின்றன. எது எது என்று கண்டுபிடிக்க எங்கள் கூடத்தில் ஒரு எளிய வழி உண்டு. வெட்டிய துண்டைச் சுருட்டி இறுகக் கட்டித் தரையில் போடுவோம். இயற்கை ரப்பர் குதிக்கும். பியூட்டைல் ‘தொப்’ என்று விழுந்து அப்படியே கிடக்கும். பந்தின் துள்ளல் ரப்பரில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். காற்றடித்த பந்தில் துள்ளலின் பெரும்பங்கு உள்ளே அழுந்திய காற்றுக்குச் சொந்தம்.

சரி, ரப்பர் என்றால் உருக்கி மறுபடி வார்த்துவிடலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. இங்கேதான் சிக்கல். பச்சை ரப்பர், அதாவது பதப்படுத்தாத ரப்பர், வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். மெக்ஸிகோவில் எல் மனாட்டி என்ற இடத்தில் கி.மு. 1600 வாக்கில் செய்த ரப்பர் பந்துகள் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்தவர்கள் மரப்பாலில் ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்து அதைக் கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் செய்யும் முறை சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டது, 1844-இல் காப்புரிமை வாங்கியது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்குவது, அதாவது வல்கனைஸ் செய்வது. ரப்பரின் மூலக்கூறுகள் நீளநீளமான கயிறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு போகும் அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே கந்தகம் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு வலையாக்கிவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய வடிவத்துக்கு வரும். ஆனால் வலையை உருக்க முடியாது. சூடேற்றினால் கருகும், அவ்வளவுதான். தண்ணீர்ப் போத்தலை உருக்குவது போல் பிளாடரை உருக்க முடியாததற்கு இதுவே காரணம்.

மேல்தோலுக்கு வருவோம். முன்பு நிஜத் தோல். மழையில் தண்ணீரைக் குடித்து எடை ஏறிவிடும். உலகக் கோப்பையில் முழுக்கச் செயற்கைப் பொருளாலான முதல் பந்து 1986-இன் ‘அஸ்டெக்கா’. இன்று மலிவான பந்துகளில் பி.வி.சி., நல்ல பந்துகளில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். இந்தத் தோலையும் துணி அடுக்குகளையும் ஒட்டி ஒரே பலகையாக்கி, காயவைத்து, அழுத்த இயந்திரத்தில் அச்சு வைத்து பேனல்களாக, அதாவது பந்தின் மேல்பக்கத் துண்டுகளாக, வெட்டுவார்கள். 32 பேனல் பந்தில் 20 அறுகோணம், 12 ஐங்கோணம். அறுகோணங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், தேன்கூட்டில் பார்த்திருப்பீர்கள். ஐங்கோணங்களை எப்படி அடுக்கினாலும் நடுவில் சில்லு மிஞ்சும். அந்தச் சில்லுகள் ஒட்டிய பலகையின் துண்டுகள் என்பதால் மறுபடி உள்ளே போட வழியில்லை. ஆக, பந்து பிறப்பதற்கு முன்பே அதன் குப்பை பிறந்துவிடுகிறது. வெட்டும் மேசைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு அது சேர்ந்து கிடப்பதைப் பார்த்தால் பந்தைப் பற்றிய எண்ணமே மாறிவிடும்.

இனி இணைப்பு. 32 பேனலுக்கு மொத்தம் 90 விளிம்புகள். ஓர் ஐங்கோணத்துக்கு ஐந்து, அறுகோணத்துக்கு ஆறு என்று கூட்டி, இரண்டு பேனல் ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்வதால் பாதியாக்கினால் இந்தக் கணக்கு வரும். ஒரு விளிம்புக்கு ஏழு தையல் என்றால் அறுநூற்றுச் சொச்சம். பேனல்களை மரக்கவ்வியில் பிடித்து, கவ்வியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, மெழுகிட்ட நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, பந்தை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுத் தைப்பார்கள். கடைசிச் சில விளிம்புகள் வரும்போது பந்தை நேராகத் திருப்பி, உள்ளே கண் தெரியாமலே தைத்து மூடவேண்டும். பழகிய கைக்கும் அது சிரமமான இடம். பாகிஸ்தானில் சியால்கோட், இந்தியாவில் ஜலந்தர், மீரட் ஆகியவை இந்தத் தொழிலின் ஊர்கள். சியால்கோட்டில் வீடுகளில் குழந்தைகள் பந்து தைப்பது 1990களில் உலகத்தின் கண்ணில் பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யூனிசெஃபும் உள்ளூர் வணிகக் குழுவும் 1997-இல் போட்டுக்கொண்ட அட்லாண்டா உடன்படிக்கைக்குப் பிறகு தையல் பெருமளவு கண்காணிக்கப்படும் மையங்களுக்கு மாறியது.

கையால் தைத்த பந்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதைப் பிரிக்கலாம். வால்வுக்குப் பக்கத்தில் இரண்டு விளிம்பு நூலை அறுத்து, பிளாடரை மாற்றி, மறுபடி தைத்துவிடலாம். 2006 உலகக் கோப்பைப் பந்திலிருந்து வெப்பத்தால் ஒட்டும் முறை பரவியது. பேனல் எண்ணிக்கை அந்த ஆண்டு 14, 2010-இல் 8, 2014-இல் 6 என்று குறைந்தது. தையல் துளை இல்லாததால் தண்ணீர் உள்ளே போவதில்லை, வடிவம் சீராக இருக்கிறது. விளையாடுபவருக்கு லாபம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டிய பந்தில் பிளாடர் போனால் பந்தே போனது. கடந்த இருபது ஆண்டுகளில் பந்துத் தொழிலில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். விளம்பரங்களில் வேறு என்னென்னவோ சொல்வார்கள்.

பந்து எவ்வளவு காலம் உழைக்கும்? ஃபிஃபாவின் தரச் சோதனையில் பந்தை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இரும்புத் தகட்டின் மேல் 2,000 முறை அடித்து, சுற்றளவும் உருண்டையும் எவ்வளவு மாறின என்று பார்ப்பார்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டு 250 முறை அழுத்தித் திருப்பி எடை போடுவார்கள். காற்றடித்து மூன்று நாள் வைத்து அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று அளப்பார்கள். மூன்றும் நல்ல சோதனைகள். ஆனால் அந்த 2,000 அடி தகட்டின் மேல் விழுந்தவை, சிமெண்டுத் தரையில் அல்ல. சொரசொரப்பான தரை மேல்தோலை அரம் போல் தேய்த்துவிடும். என் அனுபவத்தில் பந்துகள் ஆட்டத்தால் சாவது குறைவு. வறண்ட ஊசியை வால்வில் குத்திக் கிழிப்பதால் பல சாகின்றன. ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் அல்லது சிலிக்கான் எண்ணெய் தடவினால் போதும். இயந்திர எண்ணெய் மட்டும் வேண்டாம், அது ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். இன்னும் சில பந்துகள் சும்மா கிடந்தே சாகின்றன. பரணில் வைத்திருந்த பந்தை எடுத்தால் கையில் பிசின் மாதிரி ஒட்டி, மேல்தோல் உரிந்து வருமே, பார்த்திருக்கிறீர்களா? சிலவகைப் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தைப் பிடித்துத் தன் மூலக்கூறுகளைத் தானே அறுத்துக்கொள்கிறது. அந்த நிலைக்கு வந்த பந்தை எதுவும் செய்ய முடியாது.

டென்னிஸ் பந்தின் கதை கொஞ்சம் வேறு. இரண்டு அரைக்கோள ரப்பர் ஓடுகளை, உள்ளே வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தம் இருக்கும்படி சேர்த்து ஒட்டி, மேலே கம்பளியும் நைலானும் கலந்த ஃபெல்ட் என்ற மயிர்த்துணியைப் போர்த்துவார்கள். வால்வு கிடையாது. டப்பாவைத் திறந்த நிமிடத்திலிருந்து காற்று ரப்பர் சுவர் வழியாகவே மெல்லக் கசிகிறது, நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும். 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது விதி. சில வாரத்தில் அது எழாது. விம்பிள்டனில் முதலில் ஏழு ஆட்டம் (கேம்), பிறகு ஒவ்வொரு ஒன்பது ஆட்டத்துக்கும் புதுப் பந்து வந்துவிடும். இந்த விம்பிள்டன் பந்தைப் பற்றி இங்கிலாந்தின் வாரிக் வணிகப் பள்ளி 2014-இல் ஒரு கணக்குப் போட்டது. நியூசிலாந்துக் கம்பளி இங்கிலாந்துக்குப் போய் ஃபெல்ட்டாகி பிலிப்பைன்ஸுக்கு வருகிறது. அங்கேயே மலேசிய ரப்பர், அமெரிக்கக் களிமண், தாய்லாந்தின் துத்தநாக ஆக்சைடு, தென்கொரியக் கந்தகம் எல்லாம் வந்து சேர்கின்றன. பந்தாகி மறுபடி இங்கிலாந்துக்குப் பயணம். எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 81,000 கி.மீ. கேட்கத் திகைப்பாக இருக்கும். ஆனால் இது பல பொருள்களின் பயணங்களைக் கூட்டிய எண், ஒரே பந்து உருண்டு போன தூரம் இல்லை. கப்பலில் டன் கணக்கில் போகும் சரக்கில் ஒரு கிராமுக்கு விழும் பங்கு சிறியது. ‘தூரம்தான் பெரிய கேடு’ என்று இந்த எண்ணைக் காட்டிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பொருளை உருவாக்குவதும் சீக்கிரம் தூக்கி எறிவதும்தான் கனமான பகுதி.

இனி முடிவுக்கு. இணையத்தில் ‘டென்னிஸ் பந்து மட்க 400 ஆண்டு’ என்று அடிக்கடி பார்ப்பீர்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள். வல்கனைஸ் செய்த ரப்பரையே நாம் செய்யத் தொடங்கி 200 ஆண்டு ஆகவில்லை. 400 ஆண்டு காத்திருந்து பார்த்தவர் எவருமில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பச்சை ரப்பரைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு, கந்தக முடிச்சு விழுந்த பிறகு அவற்றுக்கு வேலை மிகவும் கடினம், காற்றும் வெளிச்சமும் படாத குப்பைக் குழியில் இன்னும் கடினம். ‘இயற்கை ரப்பர், அதனால் மட்கிவிடும்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் இதே பதில்தான். மட்காமல் தேய்ந்து போவது வேறு விஷயம். கலிஃபோர்னியாவில் கடலோரக் கோல்ஃப் திடல்களை ஒட்டிய கடலடியிலிருந்து ஒரு பள்ளி மாணவியும் அவரோடு சேர்ந்தவர்களும் 50,681 பந்துகளை அள்ளினார்கள். 2019-இல் அது ஆய்வுக்கட்டுரையாக வந்தது. இரண்டு டன்னுக்கு மேல் எடை. பல பந்துகளின் மேலோடு அலையிலும் பாறையிலும் உராய்ந்து, அரைத்தது போல் மெலிந்திருந்தது. அந்தத் தூள் கடலில்தான் இருக்கிறது.

எரிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திறந்த வெளியில் வேண்டவே வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், கூடவே டையாக்சின் வகை நஞ்சும் உருவாகும். ரப்பரில் உள்ள கந்தகமும் சும்மா இருக்காது. புகை சுத்திகரிப்போடு, மிக அதிக வெப்பத்தில் இயங்கும் உலைகளில் எரிப்பது தனிக்கதை, அது தனி ஆள் செய்யும் வேலை இல்லை.

அரைத்துத் துகளாக்குவதுதான் இன்று நடக்கும் மறுசுழற்சியில் பெரும்பகுதி. டென்னிஸ் பந்திலிருந்து ஃபெல்ட்டைப் பிரித்து, ரப்பரைத் துகளாக்கி, பசையோடு கலந்து திடலின் அடித்தளமாகப் போடுகிறார்கள். நல்லதுதான், ஆனால் பந்து பந்தாகத் திரும்பி வரவில்லை. ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. துகளைப் பசை இல்லாமல் செயற்கைப் புல்லில் தூவுவது இன்னும் சிக்கல். அது காலணியிலும் மழைநீரிலும் வெளியேறிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதி, அப்படித் தூவும் துகள் விற்பனையை எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்துத் தடை செய்கிறது. ‘அரைத்துத் தூவிவிட்டோம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் பசை போட்டதா என்று கேளுங்கள்.

பியூட்டைல் பிளாடருக்கு மட்டும் இதைவிட நல்ல வழி இருக்கிறது. பழைய டியூப்களை நீராவியில் அவித்து முடிச்சுகளில் ஒரு பகுதியை அறுத்து, மறுபடி பிசையக்கூடிய ரப்பராக்கும் தொழில் வெகுகாலமாக நடக்கிறது. ‘ரீகிளெய்ம்’ என்பார்கள். பந்து பிளாடரையும் அதில் சேர்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை கழிவு பிளாடர்களைத் தரம் பிரிக்கும்போது இயற்கை ரப்பர் பிளாடர்கள் கொஞ்சம் உள்ளே நழுவிவிட்டன. ‘பத்தோடு பதினொன்று, என்ன ஆகிவிடும்’ என்று நானும் விட்டுவிட்டேன். அந்தக் கலவையில் போட்ட பிளாடர்கள் அச்சிலிருந்து வெளியே வந்தபோது விரல் வைத்தால் தடம் விழுந்தது. வேகவே இல்லை. முடிச்சுப் போடக் கந்தகத்துக்கு இடம் வேண்டும், இயற்கை ரப்பரில் அந்த இடம் ஏராளம், பியூட்டைலில் மிகச் சொற்பம். இரண்டும் சேர்ந்தால் இயற்கை ரப்பர் கந்தகத்தை முழுக்க விழுங்கிவிடுகிறது, பியூட்டைல் பச்சையாக நின்றுவிடுகிறது. அன்று போட்ட முழுத் தொகுதியும் குப்பைக்குப் போனது. பழைய பொருள் எடுப்பவர் உங்கள் சாக்கைப் பார்த்து வேண்டாம் என்றதற்கு உள்ளே இருக்கும் கணக்கு இதுதான். கலந்து கிடப்பது அவருக்குச் சரக்கில்லை.

கிரிக்கெட் பந்தைப் பற்றி ஒரு வரி: தக்கை, நூல், தோல் என்று பெரும்பகுதி இயற்கைப் பொருள்தான், ஆனால் பதனிட்ட தோலும் மேல்பூச்சும் இருப்பதால் உரக்குழியில் போடும் அளவுக்கு அது சாதுவான பொருள் இல்லை. காற்றே தேவைப்படாத நுரைப் பந்துகளும் இப்போது உண்டு. கரடுமுரடான தரைக்கு அவை பொருத்தம், காலில் படும் உணர்வு வேறு மாதிரி இருக்கும். அதைப் பிடிக்காதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் இரண்டு சாக்குக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஊசியில் கிளிசரின் தடவிக் காற்றடித்து, ஒரு இரவு வையுங்கள். காலையில் கல்லாக நிற்பவற்றைத் தனியே எடுங்கள், அவை சாகவே இல்லை. இறங்கியவற்றின் வால்வைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வால்வில் வந்தால், கழற்றக்கூடிய வால்வாக இருந்தால், அதை மாற்றினால் முடிந்தது. வால்வு சரியாக இருந்து, தையல் பந்தாகவும் மேல்தோல் நன்றாகவும் இருந்தால் பிளாடர் மாற்றத் தைப்பவரிடம் கொடுக்கலாம். டென்னிஸ் பந்துகள் இருந்தால், ஃபெல்ட் தேயாதவற்றைக் காற்றை அழுத்தி ஏற்றி மூடும் அழுத்தக் குடுவையில் சில நாள் வையுங்கள். காற்று எந்த வழியாகக் கசிந்ததோ அதே சுவர் வழியாகத் திரும்ப உள்ளே போகும், புதிது போல் ஆகாது, பயிற்சிக்கு ஆகும். மீதி நிற்கும் கால்பந்துகளை அறுத்து பிளாடரை மட்டும் எடுங்கள். தரையில் போட்டுப் பார்த்து, ‘தொப்’ என்று விழுபவற்றை டியூப் வாங்குபவரிடம் கொடுங்கள், எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். குதிப்பவற்றை அதில் சேர்க்காதீர்கள். வெட்டும்போது வால்வைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டி எறிந்துவிடுங்கள், வால்வுக்குள் செருகிய அடைப்பு முளை பெரும்பாலும் வேறு ரப்பராக இருக்கும்.